காக்டெயில்: வளர்ப்பினமா, கூண்டிலுள்ள காட்டுப்பறவையா?

கிளியை மனிதர் வீட்டில் வளர்ப்பது தகுமா என்னும் வினா பழையது. எனினும் அந்த வினா பெரும்பாலும் எல்லாக் கிளிகளையும் ஒரே கூட்டமாகக் கருதியே எழுப்பப்பட்டு வந்துள்ளது. பஞ்சவர்ணக் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற பெரிய இனங்களைக் குறித்துத் திரண்ட வாதங்கள் சிறிய இனங்களின் மீதும் அப்படியே ஏற்றப்பட்டன. அல்லது, சிறிய பறவைதானே என்ற எண்ணத்தில் சிறிய இனங்கள் விவாதத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. இவ்விரு போக்குகளாலும் மிகுதியும் பாதிக்கப்பட்டது காக்டெயில் எனலாம். தமிழ்நாட்டுப் பறவைக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜரிகருக்கு அடுத்தபடியாக எளிதில் கிடைக்கும் இப்பறவை, முதன்முதலாகப் பறவை வளர்ப்போருக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கப்படுகிறது. அப்பரிந்துரை எதன் அடிப்படையில் எழுந்தது, அதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எவை, ஆய்வுகள் எதுவரை துணைநிற்கின்றன என்பவற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பறவையும் அதன் நிலமும்

காக்டெயிலின் தாயகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலம். அலகு முதல் வால்நுனி வரை 30 முதல் 33 செ.மீ. நீளமுள்ள இதன் உடலில் ஏறத்தாழப் பாதி வாலாகவே அமைகிறது. எடை பெரும்பாலும் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். சாம்பல் நிற உடல், சிறகில் வெள்ளைப் பட்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, மனநிலைக்கேற்ப எழுந்து தாழும் கொண்டை ஆகியவை இதன் இயற்கைத் தோற்றம். 1792இல் ராபர்ட் கெர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். 1832இல் வாக்லர் இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். நீண்ட வாலைக் கொண்டு இதனைச் சிறுகிளிகளோடு சேர்ப்பதா, கொண்டையைக் கொண்டு காக்கட்டூக்களோடு சேர்ப்பதா என்ற வகைப்பாட்டு விவாதம் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்து, மரபணு ஒப்பீடுகளுக்குப் பின்னரே அடங்கியது. காக்டெயில் காக்கட்டூக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். வகைப்பாடு நூலறைக்குரிய செய்தியாகத் தோன்றினாலும் வளர்ப்பு பற்றிய வினாவில் அதற்கு இடமுண்டு. இறகுகளிலிருந்து ஓயாது உதிரும் வெண்தூளும், ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும் வழக்கமும் காக்கட்டூக் குடும்பத்துக்குரிய பண்புகள். இரண்டும் வீட்டுக் கூண்டுக்குள்ளும் தொடர்கின்றன.

வறள்நிலத்தில் மழை எங்கு பெய்யும் என்பது உறுதியில்லை. ஆகவே இப்பறவை, குறிப்பாகக் கண்டத்தின் வடபகுதிகளில், நீரும் புல்விதையும் இருக்கும் இடம் தேடி அலையும் நாடோடி வாழ்வைக் கொண்டது. இணையாகவோ சிறு கூட்டமாகவோ திரியும் பறவைகள், உணவு மிகுந்த இடத்தில் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. தரையில் நடந்து விதை பொறுக்கி உண்கின்றன. சோளம், சூரியகாந்தி வயல்களில் இறங்கி உழவரின் சினத்துக்கும் ஆளாகின்றன. நீர்நிலையை அடுத்த யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் நான்கு முதல் ஏழு முட்டைகள் இடப்படுகின்றன; பகலில் ஆணும் இரவில் பெண்ணும் அடைகாக்க, மூன்று வாரங்களுக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அழிவாபத்துக் குறைந்ததாகவே வகைப்படுத்தியுள்ளது. எனவே காக்டெயில் வளர்ப்பைப் பற்றிய விவாதம் இனப் பாதுகாப்பு சார்ந்தது அன்று. தனிப்பறவையின் நலம் சார்ந்தது. இந்த வேறுபாடு மறக்கப்படும்போது வாதங்கள் தடம் மாறிவிடுகின்றன.

கூண்டுக்கு வந்த வழி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியப் பறவைகள் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கின. பறவையியலாளர் ஜான் கூல்டு 1840இல் உயிருள்ள பட்ஜரிகர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பின்னர் அவ்வினத்தின் மீது எழுந்த மோகம் பிற ஆஸ்திரேலியக் கிளிகளுக்கும் வழி திறந்தது. பல கிளிகள் கூண்டில் முட்டையிட மறுத்த அக்காலத்தில், காக்டெயில் ஒரு மரப்பெட்டியைப் பொந்தாக ஏற்றுக்கொண்டு எளிதில் இனம்பெருக்கியது. மழை பெய்த சிறிது காலத்துக்குள் இனப்பெருக்கத்தை முடித்துவிட வேண்டிய நிலத்தில் உருவான இப்பறவை, உணவும் நீரும் ஓயாது கிடைக்கும் கூண்டைச் செழிப்புக் காலமாகவே உணர்ந்திருக்கக்கூடும். இதே இயல்பு இன்று அதன் உடல்நலத்துக்கு ஊறாக மாறியிருப்பது பின்னர் விளக்கப்படும்.

ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியைத் தடைசெய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று உலகெங்கும் கூண்டுகளில் உள்ள காக்டெயில்கள் ஏறத்தாழ முழுமையும் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகளின் வழித்தோன்றல்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1981இல் கிளி வரிசை முழுவதையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது விலக்கப்பட்ட மிகச் சில இனங்களுள் காக்டெயிலும் ஒன்று. அந்த விலக்கு வணிகத்தால் காட்டினம் அழியாது என்பதை மட்டுமே குறித்தது. ஆனால் இப்பறவையை வளர்ப்பதில் சிக்கல் ஏதும் இல்லை என்பதற்கான சான்றாகவும் அது காலப்போக்கில் வாசிக்கப்பட்டது.

வளர்ப்பினம் என்னும் நிலைப்பாடு

முதல் நிலைப்பாடு, காக்டெயில் இப்போது நாய், கோழி, புறா ஆகியவற்றின் வரிசையில் நிற்கும் வளர்ப்பினம் என்கிறது. வளர்ப்பினமாதல் என்பது ஓர் உயிரினத்தின் இனப்பெருக்கம், உணவு, வாழிடம் ஆகியவை பல தலைமுறைகளாக மனிதக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, அதன் மரபியல்பே மாறிவிடுவதைக் குறிக்கும். தொல்விலங்கியலாளர் ஜூலியட் கிளட்டன்-பிராக் முன்வைத்த புகழ்பெற்ற வரையறையும் இந்தக் கட்டுப்பாட்டையே மையமாகக் கொண்டது. அந்த அளவுகோலின்படி காக்டெயில் வளர்ப்பினமாகத் தேறிவிடக்கூடும். நிற வகைகளும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. 1949ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் திட்டுத்திட்டான பைடு வகையும், 1958இல் ஃபுளோரிடாவில் மஞ்சள் தோய்ந்த வெண்ணிற லுட்டினோ வகையும், பின்னர் ஐரோப்பாவில் இலவங்கப்பட்டை நிறம், முத்துப்புள்ளி, வெண்முகம் ஆகிய வகைகளும் தோன்றின. இவை சடுதி மாற்றம் எனப்படும் மரபணுத் திரிபுகளால் விளைந்தவை. காட்டில் பருந்தின் கண்ணில் பட்டு அழிந்திருக்கக்கூடிய இத்திரிபுகள் வளர்ப்போரின் தேர்வால் நிலைபெற்றன.

இவ்வாதத்தின் வலிமை மறுக்கத்தக்கதன்று. ஆனால் அதன் ஓர் இடைவெளி கவனிக்கப்பட வேண்டும். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய வெள்ளி நரி ஆய்வில், மனிதரைக் கண்டு அஞ்சாத நரிகள் மட்டுமே ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்ந்தெடுக்கப்பட்டன. நடத்தை மாறியதோடு உடலமைப்பும் மாறியது. காக்டெயில் வளர்ப்பிலோ தேர்வு பெரும்பாலும் நிறத்தின் மீதே நடந்துள்ளது. நிறம் மாறியதாலேயே மனமும் மாறிவிட்டது என்று கொள்வதற்கில்லை. நிறத்தேர்வுக்கு விலையும் உண்டு: லுட்டினோ வகையில் கொண்டைக்குப் பின்னால் இறகற்ற வழுக்கைத் திட்டு பரவலாகக் காணப்படுவதை வளர்ப்போரே நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்ததன் விளைவாகக் கூறுகின்றனர்.

ஒரு பறவை உண்மையிலேயே வளர்ப்பினமாகியுள்ளதா என்பதை அளக்க வழி இல்லாமல் இல்லை. ஜப்பானில் சுமார் 250 ஆண்டுகளாக வளர்க்கப்படும் பெங்காலிச் சில்லையை அதன் காட்டு மூதாதையான வெண்முதுகுச் சில்லையோடு ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், வளர்ப்பினத்தின் பாட்டு சிக்கலாகியிருப்பதையும் அதன் உடலில் இறுக்கத்தைக் காட்டும் ஹார்மோன் அளவு குறைந்திருப்பதையும் கண்டனர். இத்தகைய நேரடி ஒப்பீடு காக்டெயிலுக்குப் போதிய அளவில் நிகழவில்லை. ஏற்றுமதித் தடையால் காட்டுப்பறவைகள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு எட்டாமல் இருப்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

காட்டுப்பறவை என்னும் மறுப்பு

எதிர் நிலைப்பாடு, கூண்டில் பிறந்தாலும் கிளி காட்டுயிரே என்கிறது. 2006இல் மோனிகா எங்கபிரெட்சன் கிளிகளின் நலத்தையும் வீட்டு வளர்ப்புக்கு அவற்றின் தகுதியையும் பற்றி எழுதிய மறுஆய்வு இந்நிலைப்பாட்டின் செறிந்த வடிவம். பறத்தல், இரைதேடல், கூட்டுறவு ஆகிய மூன்றும் கிளியின் இயல்பான தேவைகள் என்றும், சராசரி வீட்டுச் சூழல் அவற்றை நிறைவுசெய்வது அரிது என்றும், இறகு பிடுங்கல், ஒரே அசைவைப் பொருளின்றித் திரும்பத் திரும்பச் செய்தல் போன்ற கோளாறுகள் அதன் வெளிப்பாடுகள் என்றும் அவ்வாதம் அமைகிறது.

இந்தியாவில் இதே கருத்து உரிமையின் மொழியில் வெளிப்பட்டது. 2011இல் குஜராத் உயர் நீதிமன்றமும் 2015இல் தில்லி உயர் நீதிமன்றமும் பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு என்ற கருத்தைத் தம் ஆணைகளில் பதிவுசெய்தன. கொள்கையளவில் இதன் ஈர்ப்பு பெரிது. ஆயினும் காக்டெயிலைப் பொறுத்தவரை இதன் நடைமுறைப் பொருள் தெளிவற்றது. கூண்டில் பிறந்து, தீனித்தட்டில் உண்டு பழகிய அயல்நாட்டுப் பறவையை இந்திய வானில் திறந்துவிடுவது காகத்துக்கும் வைரிக்கும் இரையாக விடுவதாகவே பெரும்பாலும் முடியும். எனவே இந்நிலைப்பாடு இனிமேல் பிறக்கவைக்கலாமா என்ற வினாவுக்கு விடை சொல்லக்கூடுமேயன்றி, ஏற்கெனவே பிறந்துவிட்ட பறவைக்கு என்ன செய்வது என்பதற்கு வழிகாட்டுவதில்லை.

இதன் மற்றொரு குறை, சான்றுகளுள் பலவும் பெரிய இனக் கிளிகளிடமிருந்து பெறப்பட்டவை என்பது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 50 இனங்களைச் சேர்ந்த 1,378 வளர்ப்புக் கிளிகளைப் பற்றி உரிமையாளர்கள் தந்த தகவல்களை ஆராய்ந்தது. உடலளவோடு ஒப்பிட மூளை பெரிதாக உள்ள இனங்களில் பொருளற்ற மீள்அசைவுகள் மிகுதி என்றும், இயற்கையில் கடின ஓட்டை உடைத்து வெகுநேரம் கையாண்டு உண்ணும் இனங்களில் இறகைச் சிதைக்கும் பழக்கம் மிகுதி என்றும் அது காட்டியது. அதாவது கூண்டு எல்லாக் கிளிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. காக்டெயில் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடிக்கும் இனங்களின் பக்கம் வைத்துப் பேசப்படுகிறது. ஆனால் தாக்குப்பிடித்தல் வேறு, நலமாக இருத்தல் வேறு. உரிமையாளரின் கூற்றை நம்பிய எந்த ஆய்வும், இறகு பிடுங்காமல் மௌனமாக ஒடுங்கிக் கிடக்கும் பறவையை நலமுள்ளதாகக் கணக்கிட்டுவிடக்கூடும். சிறிய இனமென்பதால் அறிவாற்றல் குறைவு என்று கருதுவதற்கும் இடமில்லை. மனிதரின் இசை ஒலிக்கும்போது அதே மெட்டை அதனோடு நேரம் பொருந்தச் சீழ்க்கையடிக்கக் காக்டெயிலால் முடியும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர் யோஷிமாசா செகி 2021இல் பதிவுசெய்தார்.

தேவையை அளக்கும் மூன்றாம் வழி

பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்த பிராம்பெல் குழுவின் 1965ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து கிளைத்து, 1979இல் வடிவம்பெற்ற ஐந்து விடுதலைகள் என்னும் நெறி, பசி தாகத்திலிருந்தும், வசதியின்மையிலிருந்தும், வலி நோயிலிருந்தும், அச்சத்திலிருந்தும் விடுதலை, இயல்பான நடத்தைக்குச் சுதந்திரம் ஆகியவற்றை விலங்கு நலத்தின் அளவைகளாக வைத்தது. இந்நெறியைப் பின்பற்றுவோர், பறவை வளர்ப்பினமா காட்டினமா என்ற தீர்ப்புக்குக் காத்திராமல், குறிப்பிட்ட வளர்ப்புமுறை குறிப்பிட்ட தேவையை நிறைவேற்றுகிறதா என்று கேட்கின்றனர். இவ்வழியில் காக்டெயில் குறித்து மிகுதியும் கற்பித்தது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். எளிதில் இனம்பெருக்கும் இப்பறவையின் ஆய்வுக்கூட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, 1980கள் முதல் ஜேம்ஸ் மிலம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே நடத்திய சோதனைகள், வளர்ப்போர் வாய்மொழியாகச் சொல்லிவந்த பலவற்றை அளவைக்கு உட்படுத்தின.

கையூட்டிய குஞ்சு

கடைகளில் ஹேண்ட் ஃபெட் என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் குஞ்சு, இரண்டு மூன்று வார வயதில் பெற்றோரிடமிருந்து எடுக்கப்பட்டு, மனிதக் கையால் கூழ் ஊட்டி வளர்க்கப்படுவது. தோளில் வந்து அமர்வதும், கழுத்தைச் சொறியக் கொடுப்பதும், அழைத்தால் வருவதும் இதன் பயன்களாகச் சொல்லப்படுகின்றன; பயன் உண்மையே. ஆனால் டேவிஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, கையூட்டி வளர்ந்த காக்டெயில்களையும் பெற்றோரிடம் வளர்ந்தவற்றையும் இனப்பெருக்கத்தில் ஒப்பிட்டபோது வேறொரு பக்கம் தெரிந்தது. பெற்றோரிடம் வளர்ந்த ஆண்கள் இடம்பெற்ற இணைகளே கூட்டுப்பெட்டியை நாடுவதிலும் கருவுற்ற முட்டைகளைப் பெறுவதிலும் மேலோங்கி நின்றன. கையூட்டிய பெண்கள் பெட்டியை விட்டுக் கூண்டின் தரையில் முட்டையிடுவது மிகுந்து காணப்பட்டது. இளமையில் யாரோடு வாழ்கிறதோ அவரையே தன் இனமாக ஒரு பறவை மனத்தில் ஏற்றுக்கொள்ளும் இயல்பு பதிவுறுதல் எனப்படும். தன் இனத்தோடு வாழக் கற்கும் பருவம் மனிதக் கையில் கழிந்துவிடுவதன் விளைவே இது என்பது ஏற்கத்தக்க விளக்கம்.

இதற்கு மறுமொழியாக, வீட்டுப்பறவை இனம்பெருக்க வேண்டியதில்லையே என்று கேட்கப்படுவதுண்டு. அவ்வாறாயின் பறவையின் துணையாக மனிதரே ஆயுள் முழுதும் இருந்தாக வேண்டும். காக்டெயில் நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழ்கிறது. பள்ளிச் சிறுவருக்காக வாங்கப்படும் பறவை அச்சிறுவர் வேலைக்குப் போன பின்னும் உயிரோடிருக்கும். மேலும், பழக்கத்துக்குக் கையூட்டலே வழி என்ற முடிவும் ஐயத்துக்குரியது. 1999இல் ஏங்கஸ், மிலம் இருவரும் ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிகளில் செய்த சோதனையில், குஞ்சுகள் பெற்றோரிடமே விடப்பட்டு, நாள்தோறும் சிறிது நேரம் மட்டும் கையில் எடுத்துப் பழக்கப்பட்டன. அவையும் மனிதரிடம் அச்சம் குறைந்தே வளர்ந்தன. நெதர்லாந்து 2014 முதல் சில கிளி இனங்களின் குஞ்சுகளைக் குறிப்பிட்ட வயதுக்கு முன் பெற்றோரிடமிருந்து பிரிப்பதைத் தடுத்திருப்பது இத்திசையில் எடுக்கப்பட்ட அடி. தானே உண்ணத் தொடங்காத குஞ்சை அனுபவமற்றவரிடம் விற்பதற்கு மட்டும் எந்தத் தரப்பிலும் நியாயம் காண்பதற்கில்லை. கூழின் சூடு சற்று மிகுந்தால் இரைப்பை வெந்துபோகும். ஊட்டும் கோணம் தவறினால் கூழ் மூச்சுக்குழலில் இறங்கும். இரண்டும் குஞ்சின் உயிரைப் பறிப்பவை.

ஒற்றையாகவா, இணையாகவா

ஒற்றைப் பறவையே மனிதரோடு ஒட்டும் என்பது வளர்ப்போரின் மரபான அறிவுரை. கூட்டமாக வாழப் பிறந்ததை ஒற்றையாக வைப்பது கொடுமை என்பது மறுதரப்பு. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் இரண்டாம் கருத்தை ஏற்று, கூடிவாழும் இனங்களைத் துணையின்றி வைக்கக் கூடாது என்கின்றன. கிளிகளும் அவற்றுள் அடங்கும்.

துணை வேண்டும் என்பதோடு விடை முடிந்துவிடுவதில்லை. டேவிஸ் வளாகத்தில் ட்ரேசி ஸ்பூன் முதலியோர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்துப்போகும் காக்டெயில் இணைகள் அடைகாத்தலை முறையாகப் பகிர்ந்துகொண்டு, ஒத்துப்போகாத இணைகளைவிட நன்றாகக் குஞ்சுகளைப் பேணின. இதிலிருந்து ஓர் ஊகம் எழுகிறது: ஒரே கூண்டில் அடைக்கப்பட்ட ஏதேனும் இரு பறவைகள் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும் என்பதற்கில்லை. பொருந்தாத இணையில் தாழ்ந்த பறவைக்குத் தப்பியோட இடமில்லை. இந்தியச் சந்தையில் நிறப்பொருத்தம் பார்த்துச் சேர்க்கப்படும் இணைகளுக்கும் இவ்வூகம் பொருந்தக்கூடும்.

முட்டையிட்டு நலியும் பெட்டை

வறள்நிலம் அளித்த இனப்பெருக்க ஆற்றல் கூண்டில் எவ்வாறு ஊறாகிறது என்பதற்குப் பெட்டைக் காக்டெயிலே எடுத்துக்காட்டு. பகல்நேரம் நீள்வதும், கூட்டுப்பெட்டி கிடைப்பதும், இணை அருகிருப்பதும் சேர்ந்து முட்டையிடலைத் தூண்டுகின்றன என்பதை 1980களின் இறுதியில் நடந்த சோதனைகள் ஹார்மோன் அளவுகளோடு காட்டின. இரவு 11 மணி வரை விளக்கெரியும் வீடு, ஓயாது நிறைந்திருக்கும் தீனித்தட்டு, பொந்தைப் போன்ற இருண்ட அலமாரி மூலை, முதுகைத் தடவும் அன்பான கை ஆகிய யாவும் பறவையின் உடலுக்கு ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஆணே இல்லாத பெட்டை வெற்று முட்டைகளை ஈடு ஈடாக இட்டுக்கொண்டே போகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து உறிஞ்சப்படுகிறது. தசை தளர்ந்து, முட்டை வழியிலேயே சிக்கிக்கொள்கிறது. வளர்ப்போர் எக் பைண்டிங் என்று அழைக்கும் இந்நிலை உடனடி மருத்துவம் இல்லையேல் உயிரைப் பறிக்கவல்லது.

லூப்ரோலைடு என்னும் ஹார்மோன் மருந்து காக்டெயிலில் முட்டையிடலைத் தற்காலிகமாக நிறுத்தும் என்று மிலமும் ஃபின்னியும் 1994இல் காட்டினர். மருந்துக்கு முன்னால் செய்யவேண்டியவை எளியவை: கூட்டுப்பெட்டியையும் மண்பானையையும் அகற்றுதல், மாலையிலேயே இருளும் அமைதியும் தருதல், முதுகைத் தடவாமல் தலையை மட்டும் வருடுதல், இட்ட முட்டைகளை உடனே எடுத்துவிடாமல் பெட்டை தானே சலித்து விலகும்வரை விட்டுவைத்தல். இவற்றுள் சில அன்பின் அடையாளமாக வீட்டார் கருதுபவற்றையே கைவிடச் சொல்கின்றன. அதனாலேயே இவை கடைப்பிடிக்கப்படாமல் போகின்றன. இருள் தரும்போதும் ஒரு கவனம் வேண்டும். நள்ளிரவில் சிறு ஒலிக்கும் மிரண்டு கூண்டெங்கும் மோதிக்கொள்ளும் பழக்கம் காக்டெயிலுக்கு உண்டு என்பதால் மங்கலான இரவு விளக்கு பரிந்துரைக்கப்படுகிறது.

தீனியும் வீட்டுக் காற்றும்

தினை, கம்பு, சூரியகாந்தி விதை ஆகியவற்றை மட்டும் தின்று வளரும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் குறையும் என்பதிலும், கொழுப்பு மிக்க சூரியகாந்தி விதை ஈரலைக் கெடுக்கும் என்பதிலும் மருத்துவரிடையே பெரிதும் உடன்பாடு உண்டு. ஆனால் சத்தேற்றிய பெல்லட் தீனியே முழுத் தீர்வு என்ற முடிவுக்கு ஓர் ஆய்வு வரம்பிடுகிறது. 2003இல் கூட்சோஸ், கிளாசிங் முதலியோர், முதிர்ந்த காக்டெயில்கள் வைட்டமின் ஏ குறைவைவிட அதன் மிகுதியாலேயே கூடுதலாகப் பாதிக்கப்படுவதைக் கண்டனர். கோழிக்கான அளவுகளைக் கொண்டு இவ்வறள்நிலப் பறவையின் தேவையைக் கணிப்பது பிழை என்பதே இதன் உட்பொருள். விதை, பெல்லட், கீரை, முளைகட்டிய பயறு ஆகியவற்றைக் கலந்து தரும் நடுவழி இன்றைய அறிவுக்குப் பொருந்துவதாகத் தெரிகிறது.

வீட்டாரின் உடல்நலமும் இதில் தொடர்புடையது. 1929–30இல் பல நாடுகளில் பரவி அச்சமூட்டிய கிளிக்காய்ச்சலுக்குக் காரணமான கிளாமிடியா கிருமியைக் காக்டெயில்கள் நோய்க்குறியின்றியும் சுமக்கக்கூடும். இறகுத்தூளை நெடுங்காலம் சுவாசிப்போரில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவதும் அறியப்பட்டதே. மறுபுறம், அடுப்பில் அளவுமீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். சமையலறைக்கு அருகில் கூண்டு வைக்கும் இந்திய வீடுகளில் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியுள்ளது.

சட்டம் விட்டுவைத்த இடம்

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இந்திய நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வளர்ப்பதையும் குற்றமாக்கியுள்ளன. கிளி வளர்க்கும் ஆசை அயல்நாட்டு இனங்களின் பக்கம் திரும்பியதற்கு இத்தடையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சைட்டிஸ் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு விதி வகுத்தது. பட்டியலில் இல்லாத காக்டெயிலுக்கு அவ்விதி பொருந்தாது. அதன் நலத்துக்குக் காப்பாக எஞ்சுபவை, அசைவதற்குப் போதிய நீள அகல உயரமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றமெனக் கூறும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளும். முன்னது போதிய என்னும் சொல்லை அளவிட்டு விளக்கவில்லை. பின்னது கடையின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஒரு பறவை தன் வாழ்நாளில் கடையில் இருப்பது சில வாரங்கள். வீட்டில் இருப்பது பல ஆண்டுகள்.

தீராதவை

இதுவரை கண்டவற்றுள் சில முடிவுகள் உறுதியாக நிற்கின்றன. காக்டெயில் வளர்ப்பால் காட்டினத்துக்கு இன்று ஊறில்லை. கூண்டில் பிறந்த பறவையை வெளியே திறந்துவிடுவது தீர்வாகாது. விதை மட்டுமே தீனி, நீண்ட விளக்கொளி, பெற்றோரற்ற வளர்ப்பு ஆகியவை கேடு விளைவிக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. எளிய பறவை என்ற பெயரே இவ்வினத்துக்குத் தீங்காகியுள்ளது என்று கூறினும் மிகையாகாது. எளிது என்று கருதப்பட்டதால் சட்டமும் அதனைக் கவனிக்கவில்லை, வீட்டுச் சூழலில் அதன் நலத்தை அளக்கும் ஆய்வும் அருகியே உள்ளது. டேவிஸ் வளாகத்தின் அரிய முடிவுகள்கூட ஆய்வுக்கூட்டத்துப் பறவைகளைப் பற்றியவை. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் பகல் முழுதும் தனித்திருக்கும் பறவையைப் பற்றியவை அல்ல.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் பறந்தால் இந்நாடோடிப் பறவையின் உடலுக்கும் மனத்துக்கும் போதும் என்பதற்கு அளவை இன்னும் வகுக்கப்படவில்லை. சிறகு வெட்டுவதன் நீண்டகால விளைவும் இரு தரப்பாரின் நம்பிக்கைகளுக்கிடையே தொங்கிக்கொண்டிருக்கிறது. இவற்றினும் அவசரமானதும், விடை காண்பதற்கு எளிதானதுமாகத் தோன்றுவது கையூட்டல் பற்றிய வினா. பெற்றோரிடம் வளர்ந்து, நாள்தோறும் சிறிது நேரம் மட்டும் மனிதக் கையில் பழகிய காக்டெயில், கையூட்டிய குஞ்சுக்கு நிகராக வீட்டாரோடு ஒட்டுமா என்பதே அது. அமேசான் கிளியில் செய்யப்பட்ட அச்சோதனையை, ஓராண்டுக்குள் பருவமடைந்து ஆண்டுக்குப் பல ஈடு முட்டையிடும் காக்டெயிலில் செய்து, அப்பறவைகளை வீடுகளிலேயே சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதற்குப் பெருஞ்செலவு தேவைப்படாது. பறவை வளர்ப்போர் சங்கங்களும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் கைகோத்தால் தமிழ்நாட்டிலேயே அது இயலும். அவ்விடை கிடைக்கும்வரை, இரண்டு வாரக் குஞ்சைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குச் சொல்லப்படும் காரணம் சோதிக்கப்படாத ஒன்றாகவே இருக்கும்.